கர்ப்பப்பையை எடுப்பதற்கு முன்னால் அந்த மருந்துச் சீட்டைப் பாருங்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் தங்கைக்கு 27 வயது. முதல் பிரசவம் முடிந்து பன்னிரண்டாம் நாள் தாங்க முடியாத தலைவலி வந்தது, அப்புறம் ஃபிட்ஸ். மூளையில் சிரைக் குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது 10 மாதம் ஆகிறது. கம்பு ஊன்றி நடக்கிறாள். கை இன்னும் சரியாக வரவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறாள். ஃபிட்ஸுக்கு முதலில் லெவெடிரசிட்டாம் கொடுத்தார்கள். அதில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள் என்று வால்பாரின் மாற்றினார்கள். சதா அழுகிறாள் என்று மனநல டாக்டரிடம் காட்டினோம், எஸ்சிட்டாலோபிராம் எழுதினார். ஆறு மாதமாக மாதவிடாய் வருகிறது, வந்தால் எட்டு ஒன்பது நாள் கொட்டுகிறது. ஒற்றைக் கையால் பேட் மாற்ற முடியவில்லை. தூக்கி உட்காரவைக்க அம்மாவுக்கும் தெம்பு இல்லை. தீட்டு வரும் சமயத்தில்தான் ஃபிட்ஸும் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னால் யாரும் காதில் வாங்கவில்லை. ஃபிசியோவுக்கு வர மறுக்கிறாள், எந்நேரமும் படுக்கைதான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பாதித் தொல்லை விடும் என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மனநல மாத்திரையில் தீட்டே நின்றுபோச்சாம், அந்த மாத்திரை கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னார். குழந்தை மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறது. இன்னொரு குழந்தை பெற முடியுமா என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.
பெயர் வேண்டாம், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம். அம்மா கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அது உடல் களைப்பில் வந்த கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தங்கையின் கர்ப்பப்பையில் பெரிய கோளாறு எதுவும் இல்லாமலேயே இப்படிக் கொட்ட முடியும். அதற்கான காரணம் அவளுடைய மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கலாம்.

அசிட்ரோம் ரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. அதைச் சாப்பிடும் பெண்களில் பலருக்கு மாதப்போக்கு அதிகமாகும். எஸ்சிட்டாலோபிராம் நல்ல மருந்துதான். ஆனால் அந்த வகை மாத்திரைகள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் சக்தியைக் கொஞ்சம் குறைக்கும், அசிட்ரோமோடு சேரும்போது ரத்தப்போக்கு கூடும். வால்பாரினில் இருப்பது வால்ப்ரோயேட். அது சிலருக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கையையே குறைத்துவிடும். ஆக மூன்று மாத்திரைகளும் ஒரே பக்கமாக இழுக்கின்றன. நரம்பியல் மருத்துவர் இரண்டை எழுதினார், மனநல மருத்துவர் மூன்றாவதை எழுதினார். இருவருமே அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். "மாதவிடாய் எப்படிப் போகிறது?" என்ற ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நரம்பியல் வார்டிலும், மனநல ஓ.பி.யிலும், எங்கள் மறுவாழ்வுத் துறையிலும் மூளையைக் கேட்போம், தூக்கத்தைக் கேட்போம், மலச்சிக்கலைக்கூடக் கேட்போம், இதைக் கேட்க மாட்டோம். மகப்பேறு மருத்துவரிடம் போனால் அவர் பக்கவாத ஃபைலைப் பார்த்ததும் தயங்கி, நரம்பியல் டாக்டரிடமே கேளுங்கள் என்று திருப்பி அனுப்புவார். நடுவில் அந்தப் பெண் நிற்கிறாள்.

முதலில் செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதைவிட ஏறியிருந்தால் ரத்தப்போக்குக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கூடவே ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. வயிற்றுக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். கர்ப்பப்பையில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதியாகட்டும்.

ஃபெரிட்டினை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாதத்தில் ஒன்பது நாள் இப்படிப் போனால் இரும்புச்சத்து வற்றாமல் இருக்காது. இரும்பு வற்றிய உடம்பில் நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், எதிலும் மனம் போகாது. வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள், மருத்துவமனையில் மனச்சோர்வு என்று மாத்திரையைக் கூட்டுவார்கள். அவள் ஃபிசியோவுக்கு வர மறுப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்று, ரத்தசோகையே மூளைச் சிரையில் ரத்தம் உறைவதற்குத் துணைபோகும் காரணங்களில் ஒன்று. அதனால் இதை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' பட்டியலில் போட வேண்டாம். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். அரசு மருத்துவமனைகளிலும் அது உண்டு.

அடுத்து நரம்பியல் மருத்துவரிடம் நேராக ஒரு கேள்வி: "அசிட்ரோம் இன்னும் எத்தனை நாள்?" பிரசவத்தை ஒட்டி வந்த உறைவுக்கு இந்த மருந்தைப் பொதுவாக 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை கொடுப்பார்கள். ரத்தத்தில் எளிதில் உறையும் தன்மை இருந்தாலோ, மறுபடி உறைவு வந்தாலோ நீண்ட காலம் தேவைப்படலாம். உங்கள் தங்கைக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. ஒருவேளை நிறுத்தும் காலம் நெருங்கியிருக்கலாம், ஒருவேளை சீட்டு மட்டும் பழக்கத்தில் தொடர்ந்துகொண்டிருக்கலாம். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஆனால் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேட்காமல் அந்தப் பதில் வராது.

இனி எதையெல்லாம் வாங்கக் கூடாது என்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதிக ரத்தப்போக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால் கைக்கு வரும் மாத்திரைகளில் பெரும்பாலானவை உங்கள் தங்கைக்கு ஆகாதவை. டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தம் உறைவதற்கு உதவுவது. ஏற்கெனவே மூளையில் உறைந்தவருக்கு அதை மருத்துவர் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும், கடைக்காரர் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. போக்கைக் கட்டுப்படுத்த மகளிர் மருத்துவர்கள் சாதாரணமாக எழுதுவதும் இந்த வகைதான். மூளைச் சிரை அடைப்பு வந்த பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டவே வேண்டாம், வாழ்நாள் முழுவதும். பிறகு, தீட்டைத் தள்ளிப்போடும் நோர்எதிஸ்டிரோன். கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்றால் நம் வீடுகளில் யாரையும் கேட்காமல் போட்டுக்கொள்வது அது. அந்த அளவில் சாப்பிடும்போது அதில் ஒரு பகுதி உடம்புக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. உங்கள் தங்கைக்கு எந்த விசேஷத்துக்காகவும் அது கூடாது. வயிற்று வலிக்கு மெஃப்டால் வகை மாத்திரையும் கூடாது. அசிட்ரோமோடு சேர்ந்தால் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். வலிக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம் போதும். உணர்ச்சி குறைந்த வலது பக்கம் வெந்நீர்ப் பை வைத்தால் சுடுவது அவளுக்குத் தெரியாது, அதனால் நடுவயிற்றில் துணி சுற்றி வையுங்கள்.

அப்படியானால் என்னதான் வழி? கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் ஒன்று இருக்கிறது, லெவோநார்ஜெஸ்ட்ரல் வளையம் என்று கேளுங்கள். காப்பர்-டி மாதிரியேதான் இருக்கும், ஆனால் செம்புக்குப் பதில் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கேயே விடும். ரத்தப்போக்கு வெகுவாகக் குறையும், பல பெண்களுக்குச் சில மாதங்களில் ஒன்றிரண்டு சொட்டோடு நின்றுவிடும். கருத்தடையும் ஆகிறது, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், வலிப்பு மாத்திரைகளோடு மோதாது. முதல் சில மாதங்கள் விட்டுவிட்டுத் திட்டுத் திட்டாகப் படும், அதைப் பார்த்துப் பயந்து எடுத்துவிடாதீர்கள். அம்மா கேட்ட 'பாதித் தொல்லை விடுமா' என்ற கேள்விக்கு என்னைக் கேட்டால் இதுதான் பதில், கத்தி இல்லாமல். சாதாரண காப்பர்-டி போக்கைக் கூட்டும் என்பதால் இவளுக்கு முதல் தேர்வு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் முதல் தேர்வு அல்ல. உறைவு வந்தவர்களுக்கு அதில் தயக்கம் உண்டு, தவிர நடமாட்டம் குறைந்த பெண்ணின் எலும்பை அது மேலும் மெலிய வைக்கலாம்.

கர்ப்பப்பை அறுவைக்கு வருகிறேன். அறுவைக்காக அசிட்ரோமை நிறுத்த வேண்டும், பிறகு படுக்கையில் கிடக்க வேண்டும். ஒருமுறை உறைவு வந்தவருக்கு இரண்டுமே ஆபத்தானவை. சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு அதன் ஹார்மோன் சீக்கிரமே வற்றி எலும்பு மெலியும். விழுந்த பக்கத்து எலும்பில் ஏற்கெனவே சுண்ணாம்பு குறைந்துகொண்டிருக்கும். இது மருத்துவம். இன்னொரு பக்கம் சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குழந்தைப்பேற்றை இல்லாமலாக்கும் எந்த மருத்துவச் செயலையும் அவருடைய சுயமான, விவரம் தெரிந்த சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை அறுவை செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. இந்தச் சட்டங்கள் சும்மா வந்துவிடவில்லை. 1994-இல் புனே அருகே ஒரு அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு, மாதவிடாய்ச் சுத்தம் பார்க்க முடியவில்லை என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாடு முழுக்கப் பெரிய எதிர்ப்பு எழுந்தது. உங்கள் தங்கைக்குப் பேச்சும் புத்தியும் தெளிவாக இருக்கின்றன. அவள் கர்ப்பப்பையைப் பற்றி அம்மா, நீங்கள், மாப்பிள்ளை வீடு எல்லோரும் பேசியிருக்கிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றது வரம் இல்லை, பக்கவிளைவு. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மனநோய் மருந்துகள் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு இயல்பாக ஏறுகிற ஹார்மோன் அது. ஏறினால் மாதவிடாய் தள்ளும் அல்லது நிற்கும், சிலருக்கு மார்பில் பால் கசியும், ஆண்டுக்கணக்கில் போனால் எலும்பு மெலியும். அந்தப் பெண் கல்யாணமாகாதவர் என்றால் இதை டாக்டரிடம் சொல்லவே கூச்சப்பட்டிருப்பார். முடிந்தால் அவரிடம் சொல்லுங்கள்: மாத்திரையை நிறுத்த வேண்டாம், மனநல மருத்துவரிடம் மாதவிடாய் நின்றதைச் சொல்லி புரோலாக்டின் பரிசோதனை கேட்கட்டும். மருந்தின் அளவைக் குறைக்கலாம், அரிப்பிபிரசோல் போன்ற வேறு மருந்துக்கும் மாறலாம். மாறியதும் மாதவிடாய் திரும்பும், கரு உண்டாகும் வாய்ப்பும் கூடவே திரும்பும். கல்யாணமானவர் என்றால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபிட்ஸும் தீட்டும் சேர்ந்து வருகின்றன என்று நீங்கள் கவனித்தது மிகச் சரியான கவனிப்பாக இருக்கலாம். மாதவிடாயை ஒட்டி வரும் வலிப்புக்கு மருத்துவத்தில் 'கேட்டமீனியல் வலிப்பு' என்று பெயரே இருக்கிறது. மூளையை அமைதிப்படுத்தும் புரோஜெஸ்டிரோன் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சட்டென்று இறங்குவதால் வருவது. ஆனால் வாயால் சொன்னால் மூன்று நிமிட ஓ.பி.யில் எடுபடாது. ஒரு காலண்டர் எடுங்கள். மாதவிடாய் தொடங்கிய நாளுக்குச் சிவப்பு, ஃபிட்ஸ் வந்த நாளுக்கு நீலம், தூக்கம் கெட்ட நாளுக்கும் மாத்திரை தப்பிய நாளுக்கும் பென்சில். மூன்று மாதம் குறித்துக் கொண்டுபோய் மேசை மேல் வையுங்கள். மாதவிடாய்க்கு மூன்று நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரை நீலம் குவிந்து நின்றால் எந்த நரம்பியல் மருத்துவரும் நின்று பார்ப்பார். அந்த நாட்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாத்திரை கொடுக்கும் முறை உண்டு. மாத்திரை தப்பியதைக் குறிக்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்கள் வீட்டில் தீட்டு நாட்களில் தனியாக உட்காரவைக்கும் வழக்கம் இருந்தால் பாருங்கள், மாத்திரைப் பெட்டி எங்கே இருக்கிறது? சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தால் அந்த நாட்களில் அவள் எடுக்க மாட்டாள். பெட்டி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வரட்டும்.

வால்ப்ரோயேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். லெவெடிரசிட்டாம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் அழுகையையும் கொண்டுவரும், அதனால் மாற்றியதில் நியாயம் இருக்கிறது. மாறிப் போன இடம்தான் சரியில்லை. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் சாப்பிட்டால் 100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம், 30 முதல் 40 குழந்தைகளுக்கு அறிவு, பேச்சு, பழக்க வளர்ச்சி தடைப்படலாம். குழந்தையின் முதுகுத்தண்டு மூடுவது கரு உண்டான முதல் நான்கு வாரங்களில், அதாவது நாள் தள்ளியிருக்கிறதா என்று யோசிக்கத் தொடங்குவதற்குள். 'கர்ப்பமானதும் மாற்றிக்கொள்ளலாம்' என்பது அதனால்தான் வேலைக்கு ஆகாது. பிரிட்டனில் 2018 முதல், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்குக் கருத்தடை ஏற்பாடு உறுதியாக இருந்தாலொழிய இதைக் கொடுப்பதில்லை. இங்கே வலிப்புக்கும் கொடுக்கிறோம், மனநோய்ப் பிரிவில் இருமுனைக் கோளாறுக்கும் கொடுக்கிறோம், பெண்ணிடம் இதைச் சொல்வது குறைவு. லாமோட்ரிஜின் போல வேறு மருந்துகள் உள்ளன, மெதுவாக ஏற்ற வேண்டும், சில வாரங்கள் பிடிக்கும். பழைய மருந்துகளான ஃபெனிடோயின், கார்பமசெபின் பக்கம் போனால் அவை அசிட்ரோமின் வேலையைக் குழப்பும் என்பதையும் மருத்துவர் கணக்கில் எடுப்பார். வால்ப்ரோயேட்டையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் தொடர் ஃபிட்ஸ் வரலாம். மருத்துவர் மாற்றித் தரும் வரை விடாமல் கொடுங்கள்.

இன்னொரு குழந்தை பெற முடியுமா? முடியும். ஒருமுறை மூளைச் சிரை அடைப்பு வந்தது மறு கர்ப்பத்துக்குத் தடை இல்லை. ஆனால் கேட்பவர்கள் அவசரப்படுத்தும் வேகத்தில் இல்லை. அசிட்ரோம் வகை மாத்திரை கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் குழந்தையின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும், வால்ப்ரோயேட் மாற்றப்பட்டிருக்க வேண்டும், ஃபோலிக் அமிலம் முன்கூட்டியே தொடங்க வேண்டும், ரத்தசோகை சரியாக வேண்டும். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். இவ்வளவுக்கும் மேலே, அவளுக்கு வேண்டுமா என்று ஒன்று இருக்கிறது. அதுவரை கருத்தடை ஏற்பாடு இல்லாமல் கணவரோடு சேர்ந்திருக்க வேண்டாம். உறவு வைத்துக்கொள்வதே ஆபத்தா என்று பலர் மனதுக்குள் பயந்துகொண்டிருப்பார்கள். ஆபத்தில்லை. கை காலுக்கு எப்படித் தலையணை கொடுப்பது என்பதுவரை மறுவாழ்வுப் பிரிவில் கேட்கலாம். நாங்கள் சிரிக்க மாட்டோம்.

அடுத்த பிரசவத்துக்காகவும், உங்கள் ஊரில் இப்போது பிள்ளை பெற்றிருக்கும் பெண்களுக்காகவும் ஒரு வார்த்தை. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, குடித்தால் வயிறு பெருக்கும் என்று பத்தியத்தில் தண்ணீரைக் குறைப்பது நம் பக்கம் இன்னும் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும் நிலையில் இருக்கும், அதோடு உடம்பில் நீர் வற்றினால் இந்த நோய்க்கு வழி திறந்தாற்போல் ஆகும். இந்தியாவில் பிரசவத்தை ஒட்டி இது அதிகம் வந்ததற்கு இந்த வழக்கத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். இப்போது உங்கள் தங்கையும் பாத்ரூம் போவதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். எங்களிடம் வரும் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கவனியுங்கள்.

அந்தப் பாத்ரூம் விஷயத்துக்கே வருவோம். ஒற்றைக் கையால் பேட் மாற்றுவதைக் கற்றுக்கொடுப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை, சட்டை பொத்தான் போடக் கற்றுக்கொடுப்பது போல. யாரும் கேட்காததால் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டில் இன்றே தொடங்கக்கூடியது இது: ஏழெட்டு உள்ளாடைகளில் முன்கூட்டியே பேட் ஒட்டி அடுக்கி வைத்துவிடுங்கள். மாற்றும்போது பேடை மட்டும் உரிக்கப் போராடாமல் உள்ளாடையையே மாற்றிவிடலாம். கைப்பிடி உள்ள கமோடு நாற்காலியில் உட்கார்ந்து, பலவீனமான வலது காலை முதலில் நுழைத்து, பிறகு இடது கால். முட்டி வரை இழுத்துக்கொண்ட பிறகு எழுந்து, இடது பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு மேலே இழுக்க வேண்டும். இலாஸ்டிக் தளர்வாக இருக்கட்டும். பக்கவாட்டைப் பிரித்து வெல்க்ரோ தைத்துக் கொடுத்தால் காலை நுழைக்கும் வேலையே இல்லை, உங்கள் தெருத் தையற்காரரே செய்வார். ரத்தத்தை உறிஞ்சும் பீரியட் பேண்டி என்றும் கடைகளில் வருகிறது, இரவுக்கு வசதி. நாற்காலி வலுவாக இருக்கிறதா, தரை ஈரமில்லாமல் இருக்கிறதா, இடது கைக்கு எட்டும் பக்கம் சுவரில் பிடிகம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா தூக்க வேண்டாம், அவர் இடுப்பும் போய்விடும். எழும்போது இடுப்புப் பட்டியைப் பிடித்துத் தாங்கினால் போதும். வலது பக்கம் உணர்ச்சி குறைவாக இருந்தால் நனைந்தது தெரியாது, அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வையுங்கள். சிறுநீரும் அடக்க முடியாமல் கசிந்தால் மாதவிடாய் பேடை அதற்குப் பயன்படுத்தாதீர்கள், தோல் புண்ணாகும். அதற்கு வேறு பேட், சிறுநீர்ப்பைப் பயிற்சி, தேவைப்பட்டால் மருந்து எல்லாம் உண்டு. சொன்னால்தான் கிடைக்கும்.

இப்போது அவள் அழுகை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு தனியாக இருக்கிறது, ரத்தசோகையும் உண்டு. மாத்திரை வேண்டியதுதான். ஆனால் பத்து மாதக் குழந்தையைப் பிரிந்து, ஒரு கை வராமல், தீட்டுத் துணியை அம்மா மாற்றிவிடப் படுத்திருக்கும் 27 வயதுப் பெண் அழாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். அவளுடைய சிகிச்சையில் குழந்தைக்கு இடம் வேண்டும். வாரத்தில் சில நாட்களாவது குழந்தை வரட்டும். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார, வலது முழங்கைக்குக் கீழே தலையணை வைத்துக் குழந்தையை மடியில் கிடத்துங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். ஃபிட்ஸ் கட்டுக்குள் வரும் வரை தனியாகக் குழந்தையைத் தூக்கவோ குளிப்பாட்டவோ வேண்டாம். அந்த வலது கையை எத்தனையோ தடவை பந்தை அமுக்கச் சொல்லியிருப்பார்கள். குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டச் சொல்லிப் பாருங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் 'புத்தி சரியில்லாதவளிடம் குழந்தையைத் தர மாட்டோம்' என்று பேச்சு வந்தால், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது தாயின் உரிமையைப் பறித்துவிடாது. இந்துக் குடும்பங்களுக்கான 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. மனநல மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதுதான் 2017 சட்டத்தின் பொது விதி. வார்டில் மாதவிடாய்க்கான பொருட்கள் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் தாயும் சேயும் சேர்ந்து தங்கும் தனி வார்டே இருக்கிறது. உங்கள் தங்கைக்கு அந்த அளவு தேவைப்படும் என்று இப்போது தோன்றவில்லை. சாகத் தோன்றுகிறது என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ அவள் சொன்னால் மட்டும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போங்கள். நள்ளிரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

ஃபிசியோவுக்கு வீட்டுக்கே ஆள் வர 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். சில வாரம் உள்நோயாளியாக இருந்து பயிற்சி எடுக்க வசதிப்பட்டால் சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. பாகாயத்து மையம் 1966-இல் வந்தது. அதை உருவாக்கிய மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த மருத்துவர். உங்கள் தங்கையிடம் இதைச் சொல்லுங்கள், கேட்க விருப்பமிருந்தால் மட்டும். சிரை அடைப்பில் விழுந்தவர்கள் மற்ற பக்கவாதக்காரர்களைவிடப் பொதுவாக நன்றாகத் தேறுகிறார்கள், பத்து மாதத்தோடு கதவு மூடிவிடுவதில்லை.

அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் ஒரே தாளில் எல்லா மாத்திரையின் பெயரையும், கடைசி மூன்று மாதவிடாயின் தேதியையும், ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். முடிந்தால் அவளே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆண் மருத்துவரிடம் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்தாலோ, ஃபிட்ஸ் ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, பழைய மாதிரி தலைவலி வாந்தியோடு வந்தாலோ, பார்வை மங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கேஷுவாலிட்டியில் இருப்பவரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "பிரசவத்துக்குப் பின் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தவர், அசிட்ரோம் சாப்பிடுகிறார், கடைசி ஐ.என்.ஆர். இவ்வளவு." மற்றதை அவர்கள் கேட்பார்கள்.